இராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்: சம்பளம் நிலுவையிலுள்ள யாழ்ப்பாணத் தனியார் ஊழியருக்கான முழுமையான வழிகாட்டி

எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை யாழ்ப்பாண நகரத்துப் புடவைக் கடையொன்றில் ஏழு ஆண்டுகள் வேலை செய்தார். கடைசி மூன்று மாதச் சம்பளம் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் "அடுத்த மாசம் சேர்த்துத் தாறன், கொஞ்சம் பொறு தங்கச்சி" என்பதே பதிலாக இருந்தது. நான்காவது மாதம் முதலாளி ஒரு தாளை நீட்டி, "இதில ஒரு கையெழுத்தை வைச்சிட்டுப் போ, கணக்கை முழுக்க முடிச்சு விடுறன்" என்றார். அந்தத் தாள் இராஜினாமாக் கடிதம். கையெழுத்திட்ட பின்னர் கிடைத்தது ஒரு மாதச் சம்பளம் மட்டுமே. மீதியைத் தருவார், தருவார் என்று காத்திருந்துவிட்டு அவர் என்னிடம் வந்தபோது எட்டு மாதங்கள் கடந்திருந்தன. வேலைநீக்கத்தை எதிர்த்து வழக்கிடுவதற்குச் சட்டம் கொடுத்திருந்த ஆறு மாதமும் அதற்குள் முடிந்திருந்தது.

அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன். இது தனியார் துறையில், அதாவது கடை, அலுவலகம், விடுதி, தனியார் மருத்துவமனை, நிதி நிறுவனம், அரசசார்பற்ற நிறுவனம் போன்றவற்றில் வேலை செய்வோருக்கானது. அரச ஊழியருக்குரிய வழி வேறு. அதை நான் இங்கே தொடவில்லை.

முதலாளிக்கு உங்கள் கையெழுத்து ஏன் தேவைப்படுகிறது

இதை விளங்கிக்கொண்டால் மற்றவை தாமாக விளங்கும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், வேலையாட்களின் ஊழியத்தை முடிவுறுத்துவது பற்றியது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தொழில்தருநர் (முதலாளி), கடந்த 12 மாதங்களில் 180 நாட்களேனும் வேலை செய்த ஒருவரை ஒழுக்காற்றுக் காரணம் அல்லாத வேறு காரணத்துக்காக நிறுத்த விரும்பினால், அதற்கு இரண்டே வழிகளை அச்சட்டம் விட்டுவைத்திருக்கிறது: ஒன்று, ஊழியரின் எழுத்துமூலச் சம்மதத்தை முன்கூட்டியே பெறுவது, மற்றையது, தொழில் ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியைப் பெறுவது. ஆணையாளரிடம் போனால் விசாரணை நடக்கும், நட்டஈடும் கட்ட வேண்டிவரும். முதல் ஐந்து ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டரை மாதச் சம்பளம், ஆறாவது முதல் பதினான்காவது ஆண்டு வரை ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டு மாதச் சம்பளம் என்று அந்த நட்டஈட்டுக்கு வர்த்தமானியில் அளவு வகுக்கப்பட்டிருக்கிறது. உங்களிடமிருந்து ஓர் இராஜினாமாக் கடிதம் கிடைத்துவிட்டால் அந்தச் செலவு எதுவும் இல்லை. எனவே "இது வெறும் சம்பிரதாயம்" என்று சொல்லி நீட்டப்படும் தாளின் பெறுமதி, ஏழு ஆண்டுகள் வேலை செய்த ஒருவருக்குப் பதினாறு மாதச் சம்பளத்தையும் தாண்டக்கூடும்.

யாழ்ப்பாணத்துக் கடைகள் பலவற்றில் 15 பேர் இருப்பதில்லை என்பது உண்மையே. அங்கே வேலை செய்பவருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்புக் கிடைக்காது; ஆனால் அவர் கைவிடப்பட்டவர் அல்லர். 1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழ், ஊழியர் எத்தனை பேராக இருந்தாலும், நியாயமற்ற வேலைநீக்கத்துக்கு எதிராகத் தொழில் நியாய சபைக்குச் செல்லலாம். அங்கேயும் முதலாளியின் முதல் வாதம் "இவர் தானாகத்தான் விலகினார்" என்பதாகவே இருக்கும்.

முதற்படி: உங்கள் நிலையைக் கணக்கிடுங்கள்

நியமனக் கடிதம் இருந்தால் எடுத்து முழுமையாக வாசியுங்கள். அடிப்படைச் சம்பளம், கொடுப்பனவுகள், முன்னறிவித்தற் காலம் ஆகிய மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடிதமே தரப்படவில்லை என்றால், அது முதலாளியின் தவறேயன்றி உங்கள் குறை அன்று. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தின்படி, வேலை நிபந்தனைகளை எழுத்தில் தரவேண்டிய கடமை அவருக்கே உரியது. கடிதம் இல்லாத ஊழியரும் ஊழியரே. "ஒப்பந்த அடிப்படை", "தற்காலிகம்" என்று பெயர் சூட்டியிருந்தாலும், எத்தனை மணிக்கு வரவேண்டும், என்ன செய்யவேண்டும் என்று இன்னொருவர் உங்களை நடத்தினால், அந்த உண்மை நிலைமையையே விசாரிப்பவர் பார்ப்பார்.

மாதச் சம்பளம் என்றால், மாதம் முடிந்து பத்து நாட்களுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும். இது சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்திலும் கடை, அலுவலக ஊழியர் சட்டத்திலும் உள்ளது. பதினோராம் நாள் தொடக்கம் அது நிலுவைதான். "வியாபாரம் இல்லை" என்பது சட்டத்துக்கு விடையாகாது. தேசிய குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு: 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 27,000 ரூபா, 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. உங்களுக்குத் தரப்பட்டது அதற்குக் குறைவாக இருந்தால், வித்தியாசமும் நிலுவையில் சேரும்.

இவற்றை ஒரு கொப்பியில் மாத வாரியாக எழுதுங்கள். எந்த மாதம், எவ்வளவு வரவேண்டும், எவ்வளவு வந்தது, எப்போது வந்தது, பணமாகவா வங்கியிலா, மேலதிக நேரம் எத்தனை மணி என்று ஒவ்வொன்றையும் பிரித்து எழுதுங்கள். விசாரணை அறையில் "ஏறக்குறைய இரண்டு இலட்சம் வரும் ஐயா" என்பவரைவிட, ஒரு பக்கக் கணக்கை மேசையில் வைப்பவரின் குரலுக்கு வலு அதிகம்.

இரண்டாம் படி: சான்றுகளை வேலையில் இருக்கும்போதே சேருங்கள்

வேலையை விட்ட பின்னர் அந்த இடத்திலிருந்து ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்காது. ஆகவே இதில் தாமதிக்க வேண்டாம்.

நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், வங்கிப் புத்தகம் அல்லது கணக்குக் கூற்று, ஊழியர் சேமலாப நிதி இலக்கம், அந்நிதியிலிருந்து வந்த கூற்றுகள், அலுவலக அடையாள அட்டை ஆகியவை முதல் வரிசை. சம்பளம் கையில் பணமாகத் தரப்படும் இடங்களில் இவற்றுட் பல இராது. அப்படியானால் வேலை செய்தீர்கள் என்பதைக் காட்டும் வேறெதுவும் உதவும்: உங்கள் கையெழுத்தில் உள்ள பற்றுச்சீட்டுகள், வரவுப் பதிவேட்டின் படம், கடைச் சீருடையில் எடுத்த படம், வாடிக்கையாளருடனோ முதலாளியுடனோ வாட்ஸ்அப், வைபர் வழியாகப் பரிமாறிய செய்திகள். கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் கீழான தொழில் நியாய சபை, சான்றுக் கட்டளைச் சட்டத்தின் இறுக்கமான விதிகளால் கட்டுப்பட்டதன்று. ஆகவே, "இதெல்லாம் ஒரு சான்றா" என்று எண்ணி எதையும் வீச வேண்டாம். அதேவேளை, நிறுவனத்தின் இரகசியக் கோப்புகளையோ வாடிக்கையாளர் விவரங்களையோ அள்ளிக்கொண்டு வராதீர்கள். அது உங்களுக்கு எதிரான ஒழுக்காற்றுக் குற்றச்சாட்டாகத் திரும்பும். உங்கள் வேலையையும் உங்கள் சம்பளத்தையும் பற்றியவை மட்டும் போதும்.

தொலைபேசியில் உள்ளவற்றை வீட்டில் வேறொருவரின் தொலைபேசிக்கும் அனுப்பிவையுங்கள். அலுவலக மின்னஞ்சலை நம்ப வேண்டாம். வேலை போகும் நாளில் அந்தக் கணக்கும் மூடப்படும்.

நாட்குறிப்பு ஒன்றும் தொடங்குங்கள். திகதி, நேரம், யார் சொன்னார், என்ன சொன்னார், யார் அருகில் இருந்தார் என்பவற்றைச் சொன்ன சொற்களிலேயே அன்றன்றே எழுதுங்கள். "விலகு" என்ற வற்புறுத்தல் ஒருபோதும் எழுத்தில் வராது. அது மேசைக்கு அப்பாலிருந்து வாயால்தான் வரும். அதை எழுத்தாக்கும் வேலை உங்களுடையது.

மூன்றாம் படி: வாய்ப்பேச்சைக் கடிதமாக்குங்கள்

நமது ஊரில் பலர் தடுமாறுவது இந்த இடத்தில்தான். முதலாளி ஊரவராகவோ, தூரத்து மாமாவாகவோ, வேலை எடுத்துத் தந்தவரின் நண்பராகவோ இருப்பார். கோயிலில் முகம் பார்க்க வேண்டும், நாளைக்கு ஒரு நன்மை தீமைக்கு அவர் வீட்டுக்குப் போக வேண்டும். முகத்தை முறிப்பதா என்ற தயக்கம் எனக்கு விளங்காதது அன்று. ஆனால் மரியாதையாக எழுதப்பட்ட ஒரு கடிதம் யாருடைய முகத்தையும் முறிப்பதில்லை. மூன்று மாதம் உழைத்த கூலியைக் கேட்பது இரப்பும் அன்று.

கடிதம் இவ்வளவு நீளம் இருந்தால் போதும்:

"மதிப்பிற்குரிய ஐயா, நான் 2019 மார்ச் மாதம் தொடக்கம் தங்கள் நிறுவனத்தில் விற்பனை உதவியாளராகப் பணியாற்றி வருகிறேன். சென்ற மூன்று மாதங்களுக்குரிய எனது சம்பளம், மொத்தம் 120,000 ரூபா, இன்று வரை எனக்குக் கிடைக்கவில்லை. இது பற்றித் தங்களிடம் பல தடவை நேரில் கேட்டுள்ளேன். இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் அத்தொகையைத் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நான் தொடர்ந்து பணிக்குச் சமுகமளிப்பேன் என்பதையும், பணியிலிருந்து விலகும் எண்ணம் எனக்கு இல்லை என்பதையும் இத்தால் அறியத்தருகிறேன். இப்படிக்கு, உண்மையுள்ள."

கடைசி வாக்கியமே இக்கடிதத்தின் உயிர். நாளைக்கு "அவராகத்தான் போனார்" என்று எவர் சொன்னாலும், அதற்கு முன்னரே எழுதப்பட்ட மறுமொழி அது. பிரதி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தபாலகச் சீட்டைப் பிரதியோடு சேர்த்து இணையுங்கள். கையில் கொடுப்பதானால், பிரதியில் திகதியும் பெற்றுக்கொண்டவரின் கையெழுத்தும் வாங்குங்கள்.

நான்காம் படி: தாள் நீட்டப்படும் போது

அழைப்பு பெரும்பாலும் வேலை முடியும் நேரத்தில் வரும். அறையில் இருவர் மூவர் இருப்பார்கள். "கடிதம் தந்தால் நல்ல சான்றிதழ் தருவோம், தராவிட்டால் களவுக் குற்றம் சுமத்துவோம்" என்று இனிப்பும் கசப்பும் கலந்து பேசுவார்கள். அந்த அறையில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே: "வீட்டில் கலந்து பேசிவிட்டு எழுத்தில் பதில் தருகிறேன்" என்று சொல்லி எழுந்து வருவது. வாதாட வேண்டாம், கோபத்தில் "வேண்டாம் உங்கட வேலை" என்று சொல்லிவிடவும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியத்தையே சாட்சிகளை வைத்து இராஜினாமா ஆக்கிவிட முடியும். வெளியே வந்ததும், அன்றைக்கே, "இன்று மாலை 5 மணிக்கு என்னை விலகுமாறு கேட்டீர்கள், நான் விலக விரும்பவில்லை" என்று ஒரு செய்தியோ கடிதமோ அனுப்புங்கள்.

களவுக் குற்றச்சாட்டு என்று மிரட்டினால், குற்றத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். உண்மையான குற்றச்சாட்டானால் குற்றப்பத்திரமும் உள்ளக விசாரணையும் வரும். அதற்கு நீங்கள் பதில் கொடுக்கலாம். வெறும் மிரட்டலானால் எழுத்து வராது.

சில இடங்களில் வேலைக்குச் சேரும் நாளிலேயே திகதி இடாத இராஜினாமாக் கடிதத்திலோ வெற்றுத்தாளிலோ கையெழுத்து வாங்கி வைக்கிறார்கள். மூலச் சான்றிதழ்களையும் பிடித்து வைக்கிறார்கள். அப்படிக் கொடுத்திருந்தால், அதை இப்போதே, பிணக்கு முற்றுவதற்கு முன்னரே, ஒரு கடிதத்தில் குறிப்பிட்டுத் திருப்பிக் கேளுங்கள். பின்னர் அந்தத் தாளில் ஒரு திகதி விழும்போது, உங்கள் கடிதம் அதற்கு முற்பட்டதாக இருக்கும்.

ஏற்கனவே கையெழுத்திட்டுவிட்டீர்களா? எல்லாம் முடிந்துவிட்டது என்று இருந்துவிடாதீர்கள். சுயவிருப்பின்றிப் பெறப்பட்ட இராஜினாமா உண்மையான இராஜினாமா அன்று. முதலாளியின் நடத்தையே ஊழியரை வெளியேறத் தள்ளியது என்றால் அதை வேலைநீக்கமாகவே கருத முடியும் என்பதை நமது நாட்டு நீதிமன்றங்களும் ஏற்றுள்ளன. ஆனால் அதை நிறுவும் சுமை உங்கள் தோளில் விழும். ஆகவே ஓரிரு நாளுக்குள், எந்தச் சூழ்நிலையில், யார் முன்னிலையில், என்ன சொல்லிக் கையெழுத்து வாங்கப்பட்டது என்று விவரித்து, அதை மீளப் பெறுவதாகப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். மறுநாள் வழமையான நேரத்துக்கு வேலைக்கும் போங்கள். வாயிலில் திருப்பி அனுப்பினால், அதையும் அன்றே எழுதி அனுப்புங்கள்.

ஐந்தாம் படி: வீட்டில் இருந்துவிடாதீர்கள்

சம்பளம் தராத இடத்துக்கு எதற்குப் பஸ் காசு கொடுத்துப் போவது என்று பலர் ஒரு நாள் நின்றுவிடுகிறார்கள். மனதளவில் அது நியாயமே. ஆனால் சட்டத்தின் கண்ணில் அது "வேலையைக் கைவிட்டுச் சென்றார்" என்ற கதைக்கு முதலாளிக்கு நீங்களே எழுதிக் கொடுத்த முதல் வரி. நோய் என்றால் மருத்துவச் சான்றிதழை அனுப்புங்கள். விடுமுறை என்றால் எழுத்தில் கேளுங்கள்.

இனி ஒரு நாளும் தாங்க முடியாது என்ற நிலையும் வரும் என்பதை நான் மறுக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சோறு போட வேறு வேலை தேடித்தான் ஆகவேண்டும். அப்போதும் வெறுமனே "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று எழுதாதீர்கள். இத்தனை மாதச் சம்பளம் தரப்படாததாலும், இன்ன இன்ன திகதிகளில் விலகுமாறு வற்புறுத்தப்பட்டதாலும் தொடர்ந்து பணியாற்ற முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டேன் என்றும், எனது உரிமைகள் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்றும் எழுதுங்கள். இயலுமானால் இந்த ஒரு கடிதத்தை மட்டுமாவது ஒரு சட்டத்தரணியிடம் காட்டிவிட்டு அனுப்புங்கள். வருமானம் குறைந்தவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. அதற்கு யாழ்ப்பாணத்திலும் அலுவலகம் உண்டு.

ஆறாம் படி: தொழில் அலுவலகம்

சம்பள நிலுவைக்குப் பொலிசுக்கோ கிராம அலுவலரிடமோ போய் நாளை வீணாக்க வேண்டாம். உடல்ரீதியான மிரட்டல் இருந்தால் மட்டும் பொலிஸ். சம்பளம், மேலதிக நேரம், சேமலாப நிதி, பணிக்கொடை (சேவைக்காலத்துக்காக வேலை முடியும்போது தரப்படும் தொகை) ஆகிய எல்லாவற்றுக்கும் உரிய இடம் தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண மாவட்டத் தொழில் அலுவலகம். முறைப்பாட்டைத் தமிழில் எழுதலாம். கட்டணம் இல்லை, சட்டத்தரணியும் அவசியம் இல்லை. மாத வாரிக் கணக்கு, முதலாளிக்கு எழுதிய கடிதத்தின் பிரதி, தபாற்சீட்டு, சான்றுகளின் பிரதிகள் ஆகியவற்றை இணைத்துக் கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். மூலப் பிரதிகளைக் கொடுத்துவிட வேண்டாம்.

அதன் பின் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். தொழில் உத்தியோகத்தருக்கு நிறுவனத்துக்குள் சென்று சம்பளப் பதிவேட்டைப் பார்வையிடும் அதிகாரம் உண்டு. தீர்மானித்த தொகையை முதலாளி கட்டாவிட்டால், திணைக்களமே நீதவான் நீதிமன்றத்துக்குச் சென்று அதை அறவிடலாம். விசாரணைத் திகதிகள் தள்ளிப்போகும். முதலாளி வராத நாட்களும் இருக்கும். நீங்கள் ஒரு தடவையும் தவறவிடாதீர்கள். நெடுநாளாக அசைவே இல்லை என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் முறைப்பாட்டின் நிலையைக் கேட்டு விண்ணப்பியுங்கள்; 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டிய கடமை அவர்களுக்கு உண்டு.

ஏழாம் படி: ஆறு மாதம்

வேலை போய்விட்டது, அல்லது வலிந்து விலகவைக்கப்பட்டீர்கள் என்றால், அந்த நாளை நாட்காட்டியில் சிவப்பு மையால் குறியுங்கள். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் பதிவாகியிருக்க வேண்டும். 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனம் என்றால், 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொழில் ஆணையாளரிடம் முறையிடவும் அதே ஆறு மாதம்தான். எந்த வழி உங்களுக்குப் பொருத்தம் என்பதை ஆலோசனை பெற்று முடிவு செய்யுங்கள்.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது: மாவட்டத் தொழில் அலுவலகத்தில் சம்பளத்துக்கான விசாரணை நடந்துகொண்டிருக்கிறது என்பதை நம்பி இந்த ஆறு மாதத்தைக் கடக்க விட்டுவிடக் கூடாது. சம்பள நிலுவை ஒரு பாதை, வேலைநீக்கம் இன்னொரு பாதை. முதலாளி "பேசித் தீர்ப்போம்" என்று ஐந்தாம் மாதத்தில் கூப்பிட்டால், பேசுங்கள், விண்ணப்பத்தையும் போடுங்கள். வழக்கு நடக்கும்போதும் சமரசம் செய்துகொள்ளலாம்.

யாழ்ப்பாணத்திலேயே தொழில் நியாய சபை உண்டு. நீங்களே தோன்றி வாதிடலாம், தொழிற்சங்கமோ சட்டத்தரணியோ உங்களுக்காகத் தோன்றலாம். நீக்கியதை முதலாளி ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று காட்டவேண்டியவர் அவர். நீக்கவே இல்லை என்று அவர் சொன்னால், நீக்கப்பட்டீர்கள் என்று முதலில் காட்டவேண்டியவர் நீங்கள். அந்த நாட்குறிப்பும் பதிவுத் தபாற் சீட்டுகளும் கைகொடுக்கும் இடம் இதுவே. சபை நியாயத்தையும் ஒப்புரவையும் பார்த்து, மீண்டும் வேலையில் அமர்த்தவோ நட்டஈடு வழங்கவோ கட்டளையிடலாம்.

சேமலாப நிதியும் பணிக்கொடையும்

"இராஜினாமாச் செய்தால்தான் பணிக்கொடை", "இராஜினாமாச் செய்தால் பணிக்கொடை இல்லை" என்ற இரண்டு பொய்களையும் தேவைக்கேற்பச் சொல்வார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட நிறுவனத்தில் ஐந்து ஆண்டுகள் நிறைவு செய்தவருக்கு, எப்படி வேலை முடிந்தாலும், ஒவ்வோர் ஆண்டுக்கும் அரை மாதச் சம்பளம் உரியது. 40,000 ரூபா சம்பளத்தில் ஏழு ஆண்டு என்றால் 140,000 ரூபா. வேலை முடிந்து 30 நாட்களுக்குள் தராவிட்டால் மேலதிகக் கட்டணமும் சேரும். மோசடி, வேண்டுமென்று செய்த சேதம் போன்ற குற்றத்துக்காக நீக்கப்பட்டால் மட்டுமே, அதுவும் ஏற்பட்ட நட்டத்தின் அளவுக்கு, அதைப் பிடிக்கலாம். 15 பேருக்குக் குறைந்த கடையில் வேலை செய்தவர் பணிக்கொடைக்காகத் தொழில் நியாய சபையில் விண்ணப்பிக்கலாம்.

ஊழியர் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளியிடமிருந்து மட்டும் 3 சதவீதம். இவற்றுக்கு 15 பேர் என்ற கணக்கு இல்லை. ஒருவர் இருந்தாலும் கட்டவேண்டும். சம்பளத்தில் 8 சதவீதத்தைக் கழித்துவிட்டு நிதிக்கு அனுப்பாமல் விடுவது உங்கள் பணத்தை எடுத்துக்கொள்வதேயாகும். அதையும் அதே முறைப்பாட்டில் சேர்த்து எழுதுங்கள்.

பணம் கைக்கு வரும் நாள்

பெரும்பாலான பிணக்குகள் கடைசியில் ஓர் இணக்கத்தில் முடிகின்றன. இணங்கினால், தொழில் அலுவலகத்திலோ நியாய சபையிலோ பதிவாகும்படி இணங்குங்கள். சம்பளம் எவ்வளவு, பணிக்கொடை எவ்வளவு, நட்டஈடு எவ்வளவு, எந்தத் திகதியில் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். தவணையாகத் தருவதென்றால், ஒரு தவணை தவறினால் என்ன ஆகும் என்பதும் அதில் இருக்கட்டும். காசோலை தந்தால் அதன் இலக்கத்தை மட்டும் குறித்துக் கையெழுத்திடுங்கள். "எல்லாக் கொடுப்பனவுகளையும் முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்" என்ற வாக்கியத்துக்குக் கீழே கையெழுத்து, வங்கியில் அந்தக் காசோலை மாறிய பிறகே. அன்றைக்கே சேவைச் சான்றிதழையும், பிடித்து வைத்திருக்கும் மூலச் சான்றிதழ்களையும், திகதி இடாமல் கொடுத்த அந்தப் பழைய கடிதத்தையும் கையோடு கேட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.